வால் குறைத்த செம்பருந்து

ஷாமினியின் ரிமோட் விமானம் ராக்கம்மாவின் தோளில் விழுந்த ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்வதற்குள் லாபு வட்டாரம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. கோயிலில் பேசினார்கள். ஒட்டுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆறும்வரை பேசினார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: அந்தப் பொண்ணு கவனமில்லாமல் விட்டிருக்கு, பொம்பளைப் பிள்ளைக்கு இந்த விளையாட்டெல்லாம் எதற்கு. விமானம் விழுந்தது உண்மை. ராக்கம்மாவின் காறை எலும்பு முறிந்ததும் உண்மை. கவனமில்லாமல் விட்டாள் என்பது மட்டும் பொய். அதை முதலில் சொன்ன வாய் எது என்று ஷாமினிக்குத் தெரியும். அதனால்தான் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷாமினி லாபு செம்பனைத் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பா முனியாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். தோட்டத்தில் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றபோது தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்துவிட்டு, குடும்பங்களுக்குச் சாலையோரமாக வரிசை வீடுகள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றில்தான் இன்னும் அப்பாவோடு இருக்கிறாள். சிரம்பானில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வலியில் துடிக்கிறவர்களை ஒரு அசைவும் இல்லாமல் நிறுத்தி வைத்துப் படம் பிடிக்கிற வேலை அது. பதறுகிற கைக்கு அங்கே இடமில்லை.

இந்தப் பறக்கவிடும் பைத்தியம் அவளைப் பிடித்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். தோட்டத்துப் பழைய பந்து திடலுக்கு மேலே ஏதோ வண்டு போல இரைந்துகொண்டு வட்டமடித்தது. மோட்டாரை ஓரங்கட்டி நிறுத்தினாள். ஒரு மஞ்சள் விமானம், ஆள் கை விரித்த அகலம்கூட இல்லை, கன்றுச் செம்பனைகளுக்கு மேலே சாய்ந்து திரும்பி, புல்லில் இறகு விழுவது போல இறங்கியது. ரிமோட்டைப் பிடித்திருந்தவர் புனிதன், நீலாயில் வாகனப் பட்டறை வைத்திருக்கிறவர். "பிடிச்சுப் பாக்குறீங்களா சிஸ்டர்?" என்று ரிமோட்டை நீட்டினார். வாங்கிய கை அப்புறம் அதை விடவே இல்லை.

திடலில் கூடுகிறவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. அதை ஆரம்பித்தவர் தர்மராஜ். ஏதோ தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்ட நிர்வாகியிடம் பேசித் திடலுக்கு அனுமதி வாங்கியவரும் அவர்தான். அதை அவர் யாரையும் மறக்கவிட்டதில்லை. வீட்டிலேயே ஃபோம் பலகையில் விமானப் பாகங்களை வெட்டிப் பெட்டியில் போட்டு விற்றார். 'செம்பருந்து' என்று அதற்குப் பேர். புனிதன் பறக்கவிட்ட மஞ்சள் விமானமும் ஒரு செம்பருந்துதான், முதன்முதலில் வந்த ஒன்று.

ஷாமினியும் அதையே வாங்கினாள். ஒட்ட வேண்டிய இடங்களை ஒட்டி, இறக்கையைப் பூட்டி, கடைசியில் எல்லாரும் செய்கிற வேலையைச் செய்தாள்: பாரம் சமமாக நிற்கிறதா என்று பார்த்தாள். விமானத்தின் முன்பாரமும் பின்பாரமும் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கிற இடம் ஒன்று இருக்கும். புத்தகத்தில் ஈர்ப்பு மையம் என்று போட்டிருக்கும், கிளப்பில் 'சிஜி' என்பார்கள். தர்மராஜ் அந்த இடத்தை இறக்கையின் அடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகளாக அச்சடித்தே கொடுத்திருந்தார். அந்தப் புள்ளிகளில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் உள்ளே இருக்கிற பேட்டரியைப் பின்னே தள்ள வேண்டும், வால் தாழ்ந்தால் முன்னே.

ஷாமினியின் விமானம் முதலில் மூக்கைத் தாழ்த்தியது. பேட்டரியைப் பின்னே தள்ளினாள். போதவில்லை. இன்னும் தள்ளினாள். பேட்டரி அறையின் பின்சுவரில் போய் முட்டுகிற மாதிரி வைத்த பிறகுதான் மட்டமாக நின்றது.

"இவ்ளோ பின்னாடியா?" என்று புனிதனிடம் கேட்டாள்.

"என்னுது இப்படி இல்லியே. சரி, புள்ளியில நிக்குதில்ல? அதானே கணக்கு," என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றே இல்லை. கையிலிருந்து வீசிய உடனேயே விமானம் மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கியது. ஷாமினி ரிமோட்டின் குச்சியை ஒரு மயிரிழை முன்னே தள்ளினாள். அது தலைகுப்புறப் பாய்ந்தது. இழுத்தாள், மறுபடி நெட்டுக்குத்தாக ஏறியது. தொட்டால் துள்ளுகிற கன்றுக்குட்டி போல இருந்தது. மூன்றாவது துள்ளலில் உச்சியில் போய் அப்படியே நின்று, மூச்சு விட்ட மாதிரி ஒரு பக்கம் சரிந்து, திடலின் வேலியோரம் சுழன்று விழுந்தது.

வேலியோரத்தில் ராக்கம்மா ஆட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்தார். வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்காரர். புருஷன் போன பிறகு ஆடுகள்தான் அவருக்கு ஆதரவு. குனிந்திருந்தவர் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். விமானத்தின் மூக்கு, மோட்டாரும் இரும்புத் தண்டுமாக, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது.

ஷாமினி ஓடினாள். அப்பாவின் காடியில், பின்சீட்டில் ராக்கம்மாவை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே, திரையில் அந்தப் படத்தைப் பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ பேரின் முறிவைப் பார்த்த கண். தன்னால் ஒன்று முறிந்ததை அன்றுதான் பார்த்தது.

ராக்கம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, பாத்து விடக்கூடாதா?"



வீட்டுக்குத் திரும்பிக் கைப்பேசியைப் பார்த்தபோது கிளப்பின் வாட்சப் குழுவில் தர்மராஜ் எழுதியிருந்தார். நடந்தது வருத்தத்துக்குரியது. பொறுப்பில்லாமல் பறக்கவிட்டதுதான் காரணம். சம்பந்தப்பட்டவர் இனித் திடலுக்கு வர வேண்டாம். ஷாமினி என்று பேர் போடவில்லை. அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். அவளோடு ஒன்றாக உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்ட விரல்கள்.

அவள் தர்மராஜுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நான் ஒழுங்காத்தான் விட்டேன். அது சொன்ன பேச்சுக் கேக்கல. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரோட புதுச் செம்பருந்தும் இதே மாதிரிதானே விழுந்துச்சு?"

"அதுல ஒண்ணு காத்தும்மா. இன்னொண்ணு அந்தப் பெரியவருக்குக் கண்ணு சரியில்ல."

"எனக்கு?"

"உங்க கை பதறுது ஷாமினி. நான் பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க, பொம்பளைங்களுக்கு அது சகஜம்லா."

அவள் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்குக்கு வந்தது. கை பதறுகிறதாம். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தக் கையை நம்பித்தான் டாக்டர்கள் கத்தி எடுக்கிறார்கள்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உடைந்த விமானத்தை வீட்டு முன்கூடத்தில் பரப்பி உட்கார்ந்தாள். புனிதனைக் கூப்பிட்டு அவருடைய மஞ்சள் விமானத்தையும் கொண்டுவரச் சொன்னாள். கிளப்பில் அந்தச் சேதிக்குக் கட்டைவிரல் போடாமல் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இறக்கை ஒன்றுபோல இருந்தது. புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. உடம்பு ஒரே நீளம். புனிதன் தலையைச் சொறிந்தார். ஷாமினி புனிதனுடைய விமானத்தின் வால் இறக்கையைக் கழற்றித் தன்னுடையதன்மேல் வைத்தாள். பழைய வால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, பக்கத்துக்கு நான்கு விரல்.

"வால் குட்டையா இருக்கு," என்றாள்.

"ஏன் குறைச்சாரு?"

அவள் எழுந்துபோய் செம்பருந்து வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புது வாலை உள்ளே வைத்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. பழைய வாலை வைத்தாள். உள்ளே போகவே இல்லை.

"எனக்கு வந்தப்ப வால் தனியா, பேப்பர்ல சுத்தி வந்துச்சு," என்றார் புனிதன் மெதுவாக. "ஒரு முனை மடங்கிக்கூட இருந்துச்சு."

பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வாலை வெட்டியிருக்கிறார். வெட்டட்டும், அவர் பொருள், அவர் கத்தி. ஆனால் வால் சும்மா அழகுக்கு இருப்பது இல்லையே. பறக்கும்போது விமானம் மூக்கைத் தூக்கினாலோ தாழ்த்தினாலோ பின்னாலிருந்து பிடித்து நேராக்குகிற கை அது. கை சின்னதானால் பாரம் முன்னே நகர வேண்டும், புள்ளிகளும் முன்னே நகர வேண்டும். புள்ளிகளை அவர் நகர்த்தவில்லை. வால் இலேசானதால் ஷாமினி பேட்டரியைப் பின்சுவர்வரை தள்ளி அந்தத் தப்பான புள்ளியில் நிறுத்தினாள். அவர் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்ததுதான் அவள் செய்த தப்பு.

இதை எழுதிப் படங்களோடு குழுவில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பதிவு காணாமல் போனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குழுவிலிருந்து அவளே காணாமல் போனாள்.

சாயங்காலம் ராக்கம்மாவைப் பார்க்கப் போனாள். கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பழக்கூடை, பளபளக்கும் காகிதம் சுற்றியபடி.

"அந்தப் பெரிய மனுஷன் வந்துட்டுப் போனாரு," என்றார் ராக்கம்மா. "உன்னய கிளப்பை விட்டுத் தூக்கியாச்சாம். தோட்ட ஆபீசுல இருந்து கேட்டா, அந்தப் பொண்ணு கவனமில்லாம விட்டுச்சுன்னு சொல்லணுமாம். இல்லாட்டி திடலயே மூடிருவாங்களாம்."

ஷாமினி படியில் கீழே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். வால், பெட்டி, புள்ளி, எல்லாம்.  கேட்கக் கேட்க ராக்கம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"அப்ப ரெண்டு நாளா உன்னயத்தானே நான் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றார். "இந்த ஆட்டுக்குப் புல்லு போட ஆளில்லாம, ராவெல்லாம் வலியில உன் பேரச் சொல்லித்தான் திட்டினேன். எம் பொழப்பக் கெடுத்தவனே எனக்குப் பழம் வாங்கிட்டு வந்து, என் வாயாலயே உன்னய மாட்டி வுடப் பாத்திருக்கான்."

"அவர் வேணும்னு செஞ்சாருன்னு சொல்லலக்கா. ஒருவேளை தெரியாமகூட..."

"தெரியுதா தெரியலயான்னு அவனயே கேப்போம். ஞாயித்துக்கெழம நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனபோது திடலில் கூட்டம் இருந்தது. புதிதாக ஒருத்தருக்கு விற்ற செம்பருந்தை தர்மராஜே ஒட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்திருந்தார். தூளியோடு ராக்கம்மா வருவதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது.

"வாங்க வாங்க, பசியாறியாச்சா?" என்றார் தர்மராஜ். ஷாமினி பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை.

"பசியாறது இருக்கட்டும்," என்றார் ராக்கம்மா. "இது புதுசா?"

"ஆமா."

"இதே சாதிதான எம் மேல வுழுந்துச்சு? நீங்க வுடுங்க பாப்போம். நான் இங்கேயே நிக்கிறேன்."

தர்மராஜ் சிரித்தார். "தாராளமா. முறையா விட்டா ஒண்ணும் ஆகாது. எல்லாரும் பாருங்க."

அவர் மூடியைத் திறந்து பேட்டரியை உள்ளே வைத்தார். வைத்த கை அப்படியே அதை முன்னே தள்ளியது, மோட்டாருக்குப் பின்னால் முட்டும்வரை. கை பழகின வேலை. மூடியைச் சாத்தினார். யாரும் கவனிக்கவில்லை. ஷாமினி கவனித்தாள். 

தெரியாமல் செய்தார் என்று அதுவரை மனதின் ஒரு மூலையில் அவருக்காக வைத்திருந்த இடம் அந்தக் கணத்தில் காலியானது.

"ஒரு நிமிஷம்ணே," என்றாள். "பறக்கவிடறதுக்கு முன்னாடி, புள்ளியில விரல வச்சுத் தூக்கிக் காட்டுங்க."

"அதெல்லாம் வீட்லயே பாத்துட்டேன்."

"எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்கதானே. ஒவ்வொரு தடவையும் பாக்கணும்னு. தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. புனிதன் குறுக்கே வந்து, அனுமதி கேட்காமல், விமானத்தை எடுத்து இரண்டு சிவப்புப் புள்ளிகளில் விரலை வைத்துத் தூக்கினார். செம்பருந்தின் மூக்கு செங்குத்தாகக் கீழே தொங்கியது.

"புள்ளி சரின்னா இது பறக்கக்கூடாது," என்றாள் ஷாமினி. குரல் உயரவில்லை. உயர்ந்தால் பதறுகிறாள் என்பார் என்று அவளுக்குத் தெரியும். "பேட்டரிய முன்ன தள்ளி வச்சீங்க, அப்படி வச்சாத்தான் பறக்கும்னு உங்களுக்குத் தெரியும். அப்ப புள்ளி தப்புன்னும் தெரியும். தெரிஞ்சே எங்ககிட்ட அந்தப் புள்ளியக் குடுத்தீங்க. தெரிஞ்சே என் கை பதறுதுன்னு சொன்னீங்க."

தர்மராஜ் விமானத்தைப் புனிதன் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். "இதெல்லாம் அனுபவம்மா. புள்ளி ஒரு அடையாளத்துக்கு. விடறவங்கதான் பாத்துச் சரி பண்ணிக்கணும். இறக்கை எல்லாம் முன்னமே அச்சடிச்சு வந்துருச்சு, ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருக்க முடியுமா?"

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பதை அவரே கேட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

ராக்கம்மா அவர் முன்னால் போய் நின்றார். "அச்சடிச்சத மாத்த முடியாது. சரி. வாயால ஒரு வார்த்த சொல்ல முடியாதா? பேட்டரிய முன்ன தள்ளி வையுங்கன்னு. அதுக்குமா அச்சு வேணும்?"

  ஷாமினி சுற்றி நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏன் அண்ணே இப்படிச் செஞ்சீங்க என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தர் கைப்பேசியைப் பார்த்தார். ஒருத்தர், "சரி சரி, நடந்தது நடந்துருச்சு, பெருசு பண்ண வேணாம்லா," என்றார். திடலுக்கு அனுமதி தர்மராஜ் பேரில் இருந்தது. அது எல்லாருக்கும் நினைவிருந்தது. சற்று நேரத்தில் ஒரு விமானம் மேலே ஏறியது, அப்புறம் இன்னொன்று.

திங்கட்கிழமை ராக்கம்மா தானாகவே தோட்ட ஆபீசுக்குப் போனார். ஷாமினி கவனமில்லாமல் விட்டாள் என்று சொல்ல மாட்டேன் என்றார். யாரால் வந்தது என்பதையும் சொன்னார். நிர்வாகி கேட்டுக்கொண்டார். புல்லறுக்கிற பக்கம் பறக்கவிடக் கூடாது என்று வேலியில் ஒரு பலகை மாட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது. தர்மராஜ் அதற்குப் பிறகு விற்ற பெட்டிகளில் பழைய புள்ளிகளின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, முன்னே தள்ளிப் புதுப் புள்ளி போட்டிருந்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சொல்லவில்லை.

அது தெரிந்த அன்றுதான் ஷாமினிக்கு உண்மையிலேயே கோபம் தலைக்கேறியது. தன்மேல் போட்ட பழியைக்கூட ஒரு மாதிரி முழுங்கியிருப்பாள். எங்கேயோ இன்னொரு திடலில் இன்னொருத்தர் அந்தப் பழைய புள்ளியில் விரலை வைத்துக்கொண்டிருப்பாரே. வேலியோரம் யார் குனிந்திருப்பார்களோ. புனிதனும் அவளும் விசாரித்து விசாரித்து வாங்கியவர்களைத் தேடினார்கள். மந்தினில் ஒருத்தர் அகப்பட்டார், அவருடையது ஏற்கெனவே விழுந்து நொறுங்கிக் குப்பைக்குப் போயிருந்தது. தனக்கு இந்தக் கலை வராது என்று நினைத்து ரிமோட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். "உங்க தப்பு இல்லண்ணே," என்று ஷாமினி சொன்னபோது அந்த மனிதர் ரிமோட்டை யாரிடம் கொடுத்தோம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

கடைசியாகத் தம்பினில் ஒருத்தர். பேர் ஹேமநாதன், பள்ளிக்கூட ஆசிரியர். செம்பருந்தை ஒட்டி முடித்து, பள்ளி விடுமுறையில் பறக்கவிடலாம் என்று அலமாரிமேல் வைத்திருந்தார். ஷாமினி அதை எடுத்துத் திருப்பி, கருப்புப் பேனாவால் சிவப்புப் புள்ளிகளை அடித்துவிட்டு, இரண்டு விரல் முன்னே தள்ளிப் புதுப் புள்ளி வைத்தாள். பேட்டரியை நகர்த்தினாள். விரல்நுனியில் தூக்கினாள். மட்டமாக நின்றது.

"வித்தவர் ஏன் சொல்லலீங்க?" என்று கேட்டார் ஹேமநாதன்.

"சொன்னா தப்பு அவருதுன்னு ஆயிடும்," என்றாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த பாடாங் திடலுக்குப் போனார்கள். முதலில் லாலாங் புல்மேல் மோட்டார் இல்லாமல் வீசிப் பார்த்தாள். கையை விட்டுப் போன விமானம் துள்ளவில்லை, ஒரே சரிவில் மிதந்து போய் உட்கார்ந்தது. பிறகு மோட்டாரோடு. ஏறச் சொன்னால் ஏறியது, திரும்பச் சொன்னால் திரும்பியது. தம்பின் மலைப் பக்கமிருந்து வந்த காற்றில் லேசாக ஆடி, தானாகவே நேரானது. ஹேமநாதன் ரிமோட்டை வாங்கிக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்தார். இவ்வளவு சுலபமா என்றார்.

ஷாமினி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்கே தெரிந்தது. அவள் நினைப்போ லாபுவிலேயே இருந்தது. இரண்டு விரல் அகலம். வாங்கிய ஆளுக்கு ஒரு வரிச் சேதி. அதைச் சொல்ல மனம் வராத ஒருத்தர் இன்றைக்கும் லாபு திடலில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். ராக்கம்மாவுக்கு எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலக்கை இப்போதும் தோளுக்கு மேலே எழும்பாது, புல்லை இடக்கையால்தான் அறுக்கிறார்.

கிளப்பில் மறுபடி சேர்ந்துகொள்ளும்படி ஷாமினிக்கு ஒரு நாள் அழைப்பு வந்தது, மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. தர்மராஜ் ராக்கம்மாவின் வாசலுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்லட்டும், வருகிறேன் என்று பதில் அனுப்பினாள். தர்மராஜ் இதுவரை போகவில்லை. அவளும் கிளப்புக்குப் போகவில்லை.